நடுகல்லும் திரைக்கல்லறையும்: ‘ஷி நோ மெய்க்யூ’ என்னும் சப்பானிய ஆட்டத்தில் சாவின் பதிவு – கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை வட்டார மரபுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

1990ஆம் ஆண்டு சப்பானில் செகா நிறுவனம் வெளியிட்ட ‘ஷி நோ மெய்க்யூ’ என்னும் நிகழ்பட ஆட்டம் இன்று பெரும்பாலும் மறக்கப்பட்ட ஒன்று. ஆட்டக்காரர் வழிநெடுகத் திரட்டும் பொன்னால் அவருக்கு உயிரோடு இருக்கையில் பயன் எதுவும் இல்லை. அவர் மாண்டபின் நிகழும் இறுதிச் சடங்கின் சிறப்பை மட்டுமே அது கூட்டுகிறது. இவ்விதியை, ஆட்டம் சாவை எவ்வாறு பதிவு செய்கிறது என்னும் கேள்வியாக இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. தாயம், பரமபதம் ஆகிய பலகை ஆட்டங்களும், கல்வராயன் மலையின் வடபுறத்துச் செங்கம் நடுகற்களும், கூவாகம் கூத்தாண்டவர் விழாவும் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ரோக் வகை ஆட்டம், நிகழ்பட ஆட்டம், தாயம், பரமபதம், நடுகல், கூவாகம், கல்வராயன் மலை

முன்னுரை

தமிழில் விளையாட்டு பற்றிய ஆய்வு புதிதன்று. ஞா. தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ 1954இல் வெளிவந்தது. அதன்பின் நாட்டுப்புறவியல் துறையினர் வட்டாரந்தோறும் விளையாட்டுகளைத் தொகுத்துள்ளனர். ஆயினும் திரையில் ஆடப்படும் ஆட்டங்களைப் பற்றிப் பேச நேரும்போது அவை சிறாரின் கண்ணையும் படிப்பையும் கெடுக்கின்றனவா என்னும் வினாவோடு உரையாடல் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பல்லாங்குழியின் குழிகளை எண்ணி, விதிகளை எழுதி, வட்டார வேறுபாடுகளைக் குறித்துவைக்கும் அதே அக்கறை ஒரு நிகழ்பட ஆட்டத்திற்கும் உரியதே. விதி இருக்கிறது, ஆடுவோர் இருக்கின்றனர், விதிக்குள் ஓர் உலகப் பார்வை படிந்து கிடக்கிறது.

சப்பானிய ஆட்டமொன்றைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் நின்று வாசிப்பதற்குக் காரணம் உண்டு. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய கல்வராயன் மலையையும் கிழக்கே தென்பெண்ணைக் கரைச் சமவெளியையும் உள்ளடக்கியது. சாவை நினைவில் நிறுத்தும் வடிவங்கள் இந்நிலப்பகுதியிலும் இதனை ஒட்டிய செங்கம் பகுதியிலும் செறிந்துள்ளன. சாவைத் தலைப்பிலேயே தாங்கிய ஓர் ஆட்டத்தின் பொருளை எடைபோட வேண்டிய படிக்கற்கள் இவ்வளவு அருகருகே கிடைப்பது அரிது.

ரோக் மரபும் சப்பானும்

‘ரோக்’ என்பது 1980ஆம் ஆண்டு வாக்கில் யூனிக்சு கணினிகளில் ஆடப்பட்ட ஓர் ஆட்டம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூசு வளாகத்தைச் சேர்ந்த மைக்கேல் டாய், கிளென் விச்மன் ஆகியோர் இதனைத் தொடங்கினர். பெர்க்லி வளாகத்துக் கென் அர்னால்டு பின்னர்ச் சேர்ந்தார். இதில் ஓவியம் கிடையாது. விசைப்பலகையில் உள்ள குறிகளே சுவர், கதவு, படிக்கட்டு ஆயின. ஆங்கில எழுத்துகள் இருபத்தாறும் இருபத்தாறு அரக்கர் ஆயின. நிலவறையின் அமைப்பை ஒவ்வொரு முறையும் கணினி புதிதாக உருவாக்கியது. மாண்டால் மாண்டதுதான், விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்க இயலாது. இப்பண்புகளைப் பின்பற்றிய ஆட்டங்களே ‘ரோக் வகை’ எனப்படுகின்றன. இவ்வகைமையின் இலக்கணத்தை வரையறுக்கும் முயற்சி ஒன்று 2008இல் பெர்லினில் கூடிய ஆட்ட உருவாக்குநர் மாநாட்டில் நிகழ்ந்தது. அமைப்பின் தற்செயல், நிலைத்த சாவு, முறைவைத்து நகர்தல், கட்டம் கட்டமாய் அமைந்த களம் ஆகியன அதில் முதன்மைப் பண்புகளாகக் கொள்ளப்பட்டன.

சப்பானில் இவ்வகை பரவலாக அறிமுகமானது 1993இல் சுன்சாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட தோர்னெகோவின் ஆட்டத்தாலும், 1995இல் வந்த ‘ஷிரென்’ ஆட்டத்தாலும் ஆகும். ஆயிரம் முறை ஆடத்தக்கது என்பதே தோர்னெகோவுக்குச் செய்யப்பட்ட விளம்பரம். இவற்றுக்கு முன்பே, தொலைபேசி இணைப்பு வழியாக மெகா டிரைவ் கருவிக்குச் சிறிய ஆட்டங்களை அனுப்பும் சேவை ஒன்றைச் செகா நிறுவனம் 1990இல் தொடங்கியிருந்தது. அச்சேவைக்காக வந்த ஆட்டங்களுள் ஒன்றே ‘ஷி நோ மெய்க்யூ’. தமிழில் ‘சாவின் புதிர்வழி’ எனலாம். பின்னர் ‘ஃபேட்டல் லேபிரிந்த்’ என்னும் பெயரில் பேழை வடிவில் பிற நாடுகளுக்கும் சென்றது. தொலைபேசிக் கம்பியில் செல்ல வேண்டியிருந்ததால் அளவில் சிறியது. ஓவியமும் இசையும் எளியவை. கதையோ நான்கு வரியில் அடங்கும். ஒளி தரும் புனிதக் கிண்ணம் களவு போகிறது. அதனை மீட்க ஓர் இளைஞன் டிராகோனியா என்னும் கோட்டைக்குள் நுழைகிறான். முப்பது தளங்கள், முடிவில் ஒரு பறவைநாகம்.

ஆட்டத்தின் நடைமுறை

திரையில் ஓர் அறை. ஆட்டக்காரர் ஓர் அடி வைத்தால் அரக்கரும் ஓர் அடி வைப்பர். அவர் நின்றால் உலகமும் நிற்கும். விரல் வேகத்துக்கு இங்கே வேலை இல்லை. சதுரங்கத்தைப் போல எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம். வழியில் வாள், கவசம், மோதிரம், சுருள், மருந்து ஆகியன கிடைக்கின்றன. இவற்றுள் பலவற்றின் இயல்பு தெரியாது. மருந்து குடுவையின் நிறத்தால் மட்டுமே அறியப்படும். குடித்துப் பார்த்தாலன்றி அது நோய் தீர்ப்பதா, கண்ணை மறைப்பதா என்று சொல்ல இயலாது. ரோக் மரபில் இந்நிறத்திற்கும் பயனுக்கும் உள்ள உறவு ஒவ்வோர் ஆட்டத்திலும் கலைத்து அடுக்கப்படுகிறது. நேற்று உயிர் காத்த சிவப்பு இன்று கொல்லலாம்.

இங்குக் கல்வராயன் மலையின் கடுக்காயை எண்ணிப் பார்ப்பது பயன்தரும். மலையாளிப் பழங்குடி மக்கள் காட்டிலிருந்து கடுக்காய், புளி, தேன் முதலியவற்றைத் திரட்டி வருபவர்கள். எந்த மரம் எப்போது காய்க்கும், எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்னும் அறிவு அவர்களிடம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. கடுக்காய் நாளையும் கடுக்காயே என்னும் உறுதியின்மேல்தான் அவ்வறிவு நிற்கிறது. ஆட்டமோ அவ்வுறுதியையே பறித்துவிடுகிறது. பொருளின் பெயரைக் கற்றுப் பயனில்லை. கற்கக்கூடியது நடைமுறை மட்டுமே: உடல்நிலை நன்றாக இருக்கும்போது அறியாத மருந்தைச் சோதித்தல், பகைவர் அருகில் இல்லாதபோது சுருளைப் பிரித்தல், கழற்ற முடியாமற்போகும் சாபப் பொருளை அஞ்சுதல். ஆட்டக்காரர் மாண்டபின் எஞ்சுவது திரைக்குள் இல்லை. அது ஆடியவரின் பழக்கத்தில் மட்டுமே எஞ்சுகிறது.

உணவு பற்றிய விதியும் குறிப்பிடத்தக்கது. உண்ணாவிடில் பட்டினிச் சாவு வரும். கிடைத்ததையெல்லாம் உண்டாலும் உடல் தளர்ந்து சாவு வரும். நிகழ்பட ஆட்டங்களில் உணவு எப்போதும் நன்மையாகவே தோன்றும் வழக்கத்துக்கு இது மாறானது. மீதூண் விரும்பேல் என்னும் அறிவுரையை விதியாகவே எழுதிவைத்த ஆட்டம் இது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

வெட்டும் வீழ்ச்சியும்

தமிழ்ப் பலகை ஆட்டங்களில் தற்செயல் பகடையில் உறைகிறது, பலகை மாறுவதில்லை. தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றின் நான்கு பக்கங்களிலும் முறையே புள்ளியின்மை, ஒன்று, இரண்டு, மூன்று எனக் குறி இருக்கும். இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 விளைவுகள். அவற்றுள் ‘தாயம்’ எனப்படும் ஒன்று விழுவது 2 விளைவுகளில் மட்டும். சராசரியாக எட்டு உருட்டலுக்கு ஒருமுறை. இரு கட்டையும் வெறுமையாய் விழுந்தால் பன்னிரண்டு; அது 16இல் ஒன்று. தாயம் விழாமல் காய் களத்தில் இறங்காது. ஆகவே பலருக்கும் ஆட்டத்தின் முதல் அனுபவம் காத்திருத்தலே. இறங்கிய காயை எதிரி வெட்டினால் அது மீண்டும் தொடக்கத்துக்குப் போகும். குறுக்குக்கோடு இட்ட கட்டத்தில் நிற்கும் காயை வெட்ட முடியாது. அக்கட்டத்தின் பெயர் ‘மலை’. மலை புகலிடம் என்னும் எண்ணம் இச்சொல்லில் உறைந்திருப்பதாகக் கொள்ள இடமுண்டு.

தாயத்தில் எந்தக் காயை நகர்த்துவது என்னும் தேர்வேனும் ஆடுபவர் கையில் உள்ளது. பரமபதத்தில் அதுவும் இல்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடப்படும் இவ்வாட்டத்தில் ஏணிகள் நற்செயலையும் பாம்புகள் தீச்செயலையும் குறிக்கும். பாம்புகளுக்கு அசுரர் பெயர்களைச் சூட்டிய பலகைகளும் உண்டு. முதலாழ்வார் மூவரும் மழையிரவில் இடைகழியில் சந்தித்ததாகச் சொல்லப்படும் திருக்கோவிலூர் இம்மாவட்டத்திலேயே உள்ளது. ஏகாதசி இரவு இங்குத் தனிச் சிறப்புடையது. நோன்பிருந்து ஆடுவோர்க்கு அவ்விரவில் பாம்பின் வாயில் விழுவது தோல்வியன்று. கீழே இறங்கிய காய் மறுபடி ஏறும். பலகை அப்படியே காத்திருக்கும். எல்லாரும் ஒருநாள் பரமபதம் சேர்வர் என்பது பலகையின் உட்பொருள். ஏகாதசி உறுதிமொழி என்றே இதனைக் கூறலாம்.

‘ஷி நோ மெய்க்யூ’வில் தற்செயல் இடம்பெயர்ந்துவிடுகிறது. பகடைக்குப் பதில் பலகையே உருட்டப்படுகிறது. பொருள்களின் பெயர்களும் உருட்டப்படுகின்றன. வெட்டுண்ட காய் திரும்பி வரும்போது அது விட்டுச்சென்ற களம் அங்கே இராது. பரமபதம் வீழ்ச்சிக்குக் காரணம் கூறும் ஆட்டம். ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு குற்றத்தின் பெயர் உண்டு. ரோக் வகை ஆட்டம் குற்றம் சாட்டுவதில்லை. கொன்றது யார் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

கல்லில் எழுதப்படுவது

இவ்விடத்தில்தான் நடுகல்லோடு ஒப்பிடும் தேவை எழுகிறது. ‘ரோக்’ ஆட்டத்தில் மாண்டவுடன் திரையில் எழுத்துக்குறிகளால் வரைந்த ஒரு கல்லறை தோன்றும். அதில் ஆட்டக்காரரின் பெயர், அவரிடமிருந்த பொன், அவரைக் கொன்ற உயிரின் பெயர், ஆண்டு ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். பொன்னே மதிப்பெண். கொல்லப்பட்டவரின் பொன்னில் பத்தில் ஒரு பங்கு கழிக்கப்படும் என்பதும் விதி. சாவுக்கும் வரி உண்டு என்று கொள்ளலாம்.

கல்வராயன் மலைக்கும் சவ்வாது மலைக்கும் இடைப்பட்ட செங்கம் பகுதியில் பல்லவர் காலம் முதலாகப் பல நடுகற்கள் உள்ளன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுப்பை வெளியிட்டது. இக்கற்களின் வாசகம் பெரும்பாலும் ஒரே அமைப்பை உடையது. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்தப் பூசல், தொறு எனப்படும் ஆநிரையைக் கவர்ந்தபோதா மீட்டபோதா, பட்டான் இன்னான், அவன் கல். பெயர், காலம், சாவின் காரணம் ஆகிய மூன்றிலும் ரோக்கின் கல்லறையும் செங்கத்துக் கல்லும் ஒத்திருப்பது வியப்புக்குரியது. கடன்பெற்ற ஒப்புமை அன்று இது. ஒருவன் வன்முறையில் மாண்டான் என்பதைச் சுருக்கமாய் எழுத நேர்ந்தால் எழுதத்தக்கவை இவையே என்பதால் வந்த ஒப்புமை.

வேறுபடுவது நான்காம் செய்தி. ரோக் பொன்னை எழுதுகிறது. நடுகல் பொன்னை எழுதுவதில்லை. ஆநிரையைக் குறிப்பிடும்போதும் இறந்தவனின் உடைமையாக அன்றி, அவன் செயலின் களமாகவே குறிப்பிடுகிறது. எடுத்தனூர் நடுகல் இதனைத் தெளிவாகக் காட்டும். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் தொறு மீட்டுப் பட்ட வீரனோடு, கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயும் அக்கல்லில் இடம்பெற்றுள்ளது. கோவிவன் என்னும் அதன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. உடன் நின்ற விலங்கின் பெயரைச் சொல்ல இடம் இருக்கிறது. செல்வத்தைச் சொல்ல இடம் இல்லை. ‘ஷி நோ மெய்க்யூ’வின் உடன்பிறப்பு எனத்தக்க ‘டிராகன் கிறிஸ்டல்’ என்னும் ஆட்டத்தில் ஒரு முட்டை ஆட்டக்காரரைப் பின்தொடர்ந்து நாகமாய் வளரும். அதற்கோ தனிப்பெயர் இல்லை.

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் நடுகல்லின் நிலைகளை வகுக்கிறது. இவற்றுள் ஒன்றேனும் இறந்தவனால் செய்யக்கூடியதன்று. எல்லாம் எஞ்சியவர் கடமை. திருக்கோவிலூரில் பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் கபிலர் குன்றும் அத்தகையதே. பாரியின் மறைவுக்குப் பின் கபிலர் உயிர்நீத்த இடமாக அது போற்றப்படுகிறது. முதலாம் இராசராசன் காலத்து வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டில் ‘கபிலக்கல்’ என்னும் பெயர் காணப்படுகிறது. கபிலர் அதற்கென விலை எதுவும் கொடுக்கவில்லை.

அழுவோர் தொகை

செகாவின் ஆட்டம் இங்கு ஒரு விபரீதமான அடியை எடுத்து வைக்கிறது. ரோக்கில் மதிப்பெண்ணாய் இருந்த பொன்னை அது அவ்விடத்திலிருந்து நீக்கிவிட்டது. கோட்டைக்குள் கடை இல்லை. பொன்னைக் கொடுத்து வாங்கத்தக்க வாளும் இல்லை, மருந்தும் இல்லை. மாண்டபின் கல்லறைக் காட்சி தோன்றும்போதுதான் பொன் எதற்கு என்பது விளங்குகிறது. பொன் மிகுதியாய் இருந்தால் கல்லறை சிறக்கும். துக்கம் கொண்டாட வருவோர் தொகையும் மிகும். பொன் இல்லாதவன் கேட்பாரற்றுப் புதைக்கப்படுகிறான். முதன்முறை ஆடுபவர் இதனை அறியாமல் ஒவ்வொரு தளத்திலும் பொன்னைத் தேடி அலைகிறார். அவ்வலைச்சலில் உணவு குறைகிறது, அரக்கர் நெருங்குகின்றனர். தேடிய பொன்னே சாவை விரைவாக்கி, விரைந்து வந்த சாவுக்குச் சிறப்பும் செய்கிறது. அறிந்தபின்னும் பொன்னைக் கண்டால் ஒதுங்கிப் போவது எளிதன்று. பட்டினத்தார் மரபில் ஊறிய வாசகருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இதனை நகைச்சுவை என்று ஒதுக்கிவிடலாம். உருவாக்கியவர்களின் நோக்கமும் அதுவாய் இருக்கலாம். ஆனால் விதி என்பது நோக்கத்தினும் வலிது. அழுவோரைப் பொன்னால் ஈட்டலாம் என்று ஓர் உலகம் விதி செய்யுமானால், அவ்விதியின் எதிர்முனையையும் காண வேண்டும். அம்முனை உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் உள்ளது. பாரதப் போரில் களப்பலியாகும் அரவானே இங்குக் கூத்தாண்டவர். சித்திரைத் திருவிழாவில், நிறைநிலவு இரவில் பல்லாயிரம் திருநங்கையர் அரவானுக்கு மனைவியராகித் தாலி கட்டிக்கொள்கின்றனர். வேண்டுதலாகத் தாலி கட்டிக்கொள்ளும் ஆடவரும் உண்டு. மறுநாள் அரவான் களப்பலியானபின் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்து ஒப்பாரி வைக்கின்றனர். இங்கு அழுவோர் தொகை இறந்தவனின் செல்வத்தால் பெருகுவதன்று. மணமாகாமல் சாகக்கூடாது என்று கேட்ட ஒருவனுக்காகத் தாமே முன்வந்து கைம்மை ஏற்பவர்களால் பெருகுவது. அவர்களுள் பலர் உறவினரால் கைவிடப்பட்டவர்கள் என்பதையும் மறத்தலாகாது. அவ்வொப்பாரி அரவானை மட்டும் குறித்ததாக இருக்க வேண்டியதில்லை.

அரவானும் ஆண்டுதோறும் சாகிறான். ஆட்ட இளைஞனும் ஆட்டந்தோறும் சாகிறான். மீள்நிகழ்வு என்ற அளவில் இரண்டும் ஒன்றே. ஆயின் கூவாகத்தில் கதை மாறுவதில்லை, வருவோர் மாறுகின்றனர். ஆண்டுக்கு ஆண்டு புதியவர் தாலி கட்டிக்கொள்கின்றனர். முன்பு வந்து இவ்வாண்டு வராதோரைப் பற்றி விசாரிக்கின்றனர். திரையிலோ வருவோர் முகமற்ற ஒரே உருவத்தின் படிகள்; மாறுவது களம்.

இவ்வேறுபாடு ஆய்வாளர்க்கு நடைமுறைச் சிக்கல் ஒன்றைத் தருகிறது. கூத்தையோ விழாவையோ பதிவு செய்பவர், மாறாத கதையை ஒருபுறம் வைத்துக்கொண்டு நிகழ்த்துதலின் வேறுபாட்டைக் குறிக்கலாம். ரோக் வகை ஆட்டத்தில் அவ்வாறு ஒப்பிட மூலபாடம் இல்லை, எல்லாமே பாடபேதம். ஆட்டத்தின் நிரலைப் பாதுகாத்தாலும் ஒருவர் ஆடிய கோட்டை அதில் கிடைக்காது. எத்தனையாவது தளம், எந்த நிறத்து மருந்து, அருகில் நின்றது எது, எவ்வளவு பொன், வந்து நின்றோர் எத்தனை பேர் என்பவற்றை ஆடுபவரே உடனுக்குடன் எழுதிவைத்தால்தான் உண்டு. செங்கத்தில் கல் வெட்டியவர் குறித்தவையும் ஏறத்தாழ இவையே, பொன்னும் வந்தோர் தொகையும் நீங்கலாக. துக்கக் காட்சி சில நொடிகளே திரையில் நிற்கிறது. அதன்பின் தலைப்புத் திரை வருகிறது. பொத்தானை அழுத்தினால் கோட்டையின் முதல் தளம் வேறு அறைகளோடு விரிகிறது.